நோர்ட்லிங்கனில் ஒன்றரை நாள்

மேலைநாட்டுச் சுற்றுலா நடத்துவோர் அச்சிட்டுத் தரும் வண்ணத் தாள்களை நண்பர்கள் பலர் பார்த்திருக்கக் கூடும். பத்து நாளில் ஏழு நாடு என்பார்கள். அதில் ஜெர்மனிக்கு ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளிலும் ‘இடைக்கால நகரம் ஒன்று’ என ஒரு வரி இருக்கும். பேருந்து மதிலுக்கு வெளியே நிற்கும். இரண்டு மணி நேரம் தருவார்கள். செங்குத்தான கூரை, சன்னலில் பூந்தொட்டி, கல் பாவிய தெரு, ஒரு கோபுரம், எல்லாவற்றின் முன்னும் நின்று படம் எடுத்துக் கொள்ளலாம். பிறகு அடுத்த ஊர். இதனை ஓர் ஊரைப் பார்த்தது என்று சொல்லலாமா? கூடாது என்பதே என் கட்சி.

பயணம் குறுகியதாக இருப்பது குற்றமன்று. நம்மைப் போன்றோர்க்கு நெடும்பயணம் எங்கே கைகூடும்? ஆனால் காலம் குறையக் குறைய, போகும் ஊரின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். ஒன்றரை நாள்தான் உண்டென்றால் ஓர் ஊர் போதும். அந்த ஊரையும் கேள்வியோடு போய்ப் பார்க்க வேண்டும்.

‘பாஸ்போர்ட்டே இல்லாத ஆளுக்குப் பயணத் திட்டம் ஒரு கேடா?’ என்று விடுதி நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றால் திருமணம், சாவு, ஆஸ்பத்திரி, குலதெய்வம் ஆகிய நான்குக்கும்தான். ஊரைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போகிறவர்கள் உண்டு என்பது எனக்கு இங்கு வந்த பின்னரே உறைத்தது. போவதற்குப் பணம் வேண்டும். திட்டம் போட ஒரு நாற்பது பக்க நோட்டும் நூலகத்தில் ஒரு மூலையும் போதும். போட்டுப் பார்த்தால் தெரியும், அதுவும் ஒரு படிப்பு.

முதலில் எந்த ஊர் என்ற கேள்வி. ஜெர்மனியில் இடைக்கால மதில் முழு வட்டமாகச் சூழ்ந்து இன்றும் நிற்கும் ஊர்கள் எனப் பெயர் பெற்றவை மூன்று. ரோத்தன்பர்க், டிங்கல்ஸ்பூல், நோர்ட்லிங்கன். மூன்றும் பவேரியா மாநிலத்தில், 1950இல் ‘ரொமாண்டிக் சாலை’ என்று பெயரிட்டு இணைத்த ஒரே சாலையில் உள்ளன. உலகம் முழுதும் ஓடுவது ரோத்தன்பர்க்குக்குத்தான். அதன் புகழை நான் குறைத்துப் பேச வரவில்லை. 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளால் அந்த ஊரின் கணிசமான பகுதி இடிந்தது. பின்னர் பல நாட்டார் கொடுத்த பணத்தில் மதிலை எடுத்துக் கட்டினர். கொடுத்தவர் பெயர்கள் மதிற்கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அதுவும் காணத்தக்கதே. என்றாலும் அங்கே கூட்டம் அதிகம். கூட்டத்தில் நின்றுகொண்டு யாரிடம் எதைக் கேட்பது?

நான் தேர்ந்தது நோர்ட்லிங்கனை. வேதியியல் படிக்கும் மாணவர் எவரும் அதைத்தான் தேர்வார் என்று துணிந்து கூறுவேன்.

காரணத்தைக் கேளுங்கள். அந்த ஊரின் நடுவே புனித ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. 1427இல் தொடங்கி 1505இல் முடித்தார்கள். எழுபத்தெட்டு ஆண்டு வேலை. அதன் கோபுரத்திற்கு ‘டேனியல்’ என்று செல்லப் பெயர். உயரம் ஏறத்தாழ 90 மீட்டர். அது கட்டப்பட்ட கல், சாம்பல் நிறத்தில், கண்ணாடித் துணுக்கும் பல்வேறு பாறைத் துண்டும் கலந்து இறுகிய ஒரு கல். சூவைட் என்று பெயர். சுற்றுப்புறமெங்கும் அந்தக் கல் கிடைத்தது; கொத்தனார்கள் வெட்டி எடுத்துக் கட்டினார்கள். ஊர் அமைந்திருப்பதோ ஏறத்தாழ 25 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய வட்டப் பள்ளத்துக்குள். ரீஸ் என்பது அதன் பெயர். இந்தப் பள்ளம் எப்படி வந்தது? எரிமலைதான் காரணம் என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். கண்ணாடி கலந்த கல்லைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

1960இல் யூஜீன் ஷூமேக்கர், எட்வர்ட் சாவ் என்னும் இரு அறிஞர்கள் அந்தக் கல்லில் கோயசைட் இருப்பதைக் கண்டார்கள். கோயசைட் வேறொன்றுமில்லை, நம் ஆற்று மணலில் இருக்கும் அதே சிலிக்கன் டை ஆக்சைடுதான். ஆனால் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல் நெருக்கினால்தான் அணுக்கள் அந்த அமைப்பில் அடுங்கும். 1953இல் லோரிங் கோஸ் என்பவர் முதன்முதலில் அதை ஆய்வுக்கூடத்தில்தான் உண்டாக்கினார். நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லுக்கு அவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது? எரிமலையால் அது இயலாது. வானிலிருந்து விழுந்த ஒன்றால்தான் இயலும். ஏறத்தாழ ஒரு கோடியே ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீட்டர் அளவுள்ள விண்கல் மோதியதால் பிறந்த பள்ளம் அது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி முடிந்துபோன வழக்கு.

இன்னொன்றும் உண்டு. மோதிய இடத்துப் பாறையில் இருந்த கிராஃபைட் அதே நெருக்கடியில் வைரமாக மாறியது. கரும்பலகையில் பேராசிரியர் கார்பனின் இரு வடிவங்களை வரைந்து காட்டுவாரே, அந்த மாற்றம் அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்தது. ஆகவே தேவாலயச் சுவரிலும் பழைய வீடுகளின் கல்லிலும் வைரம் இருக்கிறது. யாரும் சுத்தியலைத் தேட வேண்டாம். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். நுண்ணோக்கிக்குத்தான் அது வைரம், நகைக்கடைக்கு வெறும் தூசி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஊர் வைரம் கலந்த கல்லுக்குள் வாழ்ந்தும், அதை அறியாமலே இருந்திருக்கிறது. இந்த ஒரு செய்திக்காகவே நான் அந்தச் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

1970 ஆகஸ்டில், அப்பல்லோ 14 பயணத்துக்கு முன், ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் இந்தப் பள்ளத்துக்கு வந்து பாறைகளை அடையாளம் காணப் பயின்றார்கள். நிலவின் பள்ளங்களில் எந்தக் கல்லைப் பொறுக்குவது என்று கற்க நோர்ட்லிங்கனின் கல் உடைக்கும் குவாரிகள் பள்ளிக்கூடமாயின. 1503ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பழைய களஞ்சியத்தில் 1990 முதல் ரீஸ் பள்ள அருங்காட்சியகம் இயங்குகிறது. நிலவிலிருந்து வந்த கல் ஒன்று அங்கே இருக்கிறது. ஆகவே என் திட்டத்தில் முதல் மூன்று மணி நேரம் அருங்காட்சியகத்துக்கே. அதைப் பார்க்காமல் மதிலைப் பார்க்கிறவர் கல்லைப் பார்க்கவில்லை, நிழற்படத்துக்குப் பின்புலத்தைத்தான் பார்க்கிறார்.

அடுத்து மதில். 1327இல் மன்னர் லுட்விக் ஆணையிட்டதன் பேரில் ஊரை விரித்துக் கட்டத் தொடங்கிய மதில் அது. சுற்றளவு ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர், ஐந்து வாயில்கள், மேலே கூரை வேய்ந்த நடைபாதை. நடக்கக் கட்டணம் கிடையாது என்பதை என் போன்றோர் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊரின் பெயர் 898ஆம் ஆண்டு ஆவணத்திலேயே உள்ளது. 1215இல் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரமாயிற்று. 1219இலேயே அங்குப் பெரிய சந்தை கூடியது பற்றிய குறிப்பு இருக்கிறது. துணி, கம்பளி, தோல் வாணிகத்தில் வந்த செல்வம்தான் மதிலாகவும் கோபுரமாகவும் எழுந்தது. ஏகர் ஆற்றோரம் தோல் பதனிடுவோர் தெருவில் அவர்கள் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தோலை உலர்த்த மாடியில் திறந்த பரண் வைத்த வீடுகள். அந்தத் தெருவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். கோபுரத்தின் அழகைப் பாடுவோர் உண்டு. தோல் நாற்றத்தில் நின்று அதற்குக் காசு தந்தவரை யார் நினைக்கிறார்கள்?

இந்த ஊர்கள் ஏன் பழமை மாறாமல் இருக்கின்றன என்பதற்கும் விடை இனிப்பானதன்று. முப்பதாண்டுப் போரில், 1634இல், நோர்ட்லிங்கன் அருகே பெரும் போர் நடந்தது. ஊர் நொடித்தது. வாணிகமும் வேறு வழிகளில் போயிற்று. இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால் பழைய வீடு அப்படியே நின்றது. இன்று அந்த வறுமையைத்தான் அழகு என்று படம் பிடிக்கிறோம்.

இனி, சுற்றுலாத் தாள்களில் கொட்டை எழுத்தில் வராத பகுதிக்கு வருகிறேன். மாலை நேரத்துக்கு நான் குறித்து வைத்திருப்பது ‘வைன்மார்க்ட்’ என்னும் திடலிலுள்ள ஒரு நீரூற்று. மரியா ஹோல் என்ற பெண்ணின் பெயரால் அமைந்தது. அவர் ஒரு விடுதிக்காரரின் மனைவி. சூனியக்காரி என்று குற்றம் சாட்டி 1593இல் சிறையில் அடைத்தார்கள். ஒப்புக்கொள் என்று அறுபத்திரண்டு முறை சித்திரவதை செய்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. உல்ம் நகரத்தார் தலையிட்டுப் பேச, 1594இல் விடுதலையானார். பழி வாங்க மாட்டேன் என்று அவரிடம்தான் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்! எல்லோரும் அவரைப்போல் மீளவில்லை. 1589 முதல் 1598 வரை நடந்த வழக்குகளில் முப்பத்து நான்கு பெண்களும் ஓர் ஆணும் கொல்லப்பட்டனர். ரெபெக்கா லெம்ப் என்பவர் நகரக் கருவூல அலுவலரின் மனைவி. அவர் சிறையிலிருந்து கணவனுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1590இல் அவரை எரித்தார்கள்.

‘அது இருண்ட காலம், அறியாமை’ என்று தள்ளிவிடுவோர் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1589இல்தான் கலிலியோ பீசா நகரில் கணிதம் கற்பிக்கச் சேர்ந்தார். அச்சகம் வந்து நூறாண்டு கடந்துவிட்டது. நோர்ட்லிங்கனில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும், சட்டம் படித்தவர்களும் அமர்ந்து, எழுத்தர் வைத்துக் குறிப்பெடுத்து, முறைப்படி இதைச் செய்தார்கள். படிப்பு வந்தால் கொடுமை தானே போய்விடும் என்று எங்கள் வீட்டில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் என்னை இங்கு அனுப்பினார்கள். அதனால்தான் அந்த நீரூற்றின் அருகே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கல்லின் உண்மையைக் கோயசைட் சொல்லிவிட்டது. படித்தவர்கள் கையெழுத்திட்டு இதைச் செய்தது எப்படி என்று சொல்ல எந்த நுண்ணோக்கி இருக்கிறது?

இரவு அங்கேயே தங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரவு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அரைமணிக்கு ஒருமுறை டேனியல் கோபுரத்தின் மேலிருந்து காவலர் ‘ஸோ க்ஸெல் ஸோ’ என்று குரல் கொடுக்கிறார். ‘சரிதான் தோழா’ என்பது போன்ற பொருள். 1440இல் பகைவரிடம் காசு வாங்கிய காவலன் வாயிற்கதவைத் திறந்து வைத்ததாகவும், ஒரு பன்றி வந்து கதவில் உரசியதால் குட்டு வெளிப்பட்டதாகவும் கதை. கதை மெய்யோ பொய்யோ, குரல் மெய். இரண்டு மணி நேரப் பேருந்துக் கூட்டத்துக்கு அந்தக் குரல் கிடைக்காது.

மறுநாள் காலை கோபுரம் ஏற வேண்டும். ஏறத்தாழ முந்நூற்றைம்பது படி. மேலே நின்றால் வட்டமான ஊர் தெரியும். அதற்கு அப்பால் தொடுவானில் பள்ளத்தின் விளிம்பு தெரியும். வட்டப் பள்ளத்தால்தான் ஊரும் வட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளம் 25 கிலோமீட்டர். ஊரோ ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. மதிலை வட்டமாகக் கட்டினால் காக்க எளிது, அவ்வளவுதான். போர்க்களத்தை நான் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். யாரோ வென்ற வயலைப் பார்க்க அரை நாள் செலவிட மனமில்லை.

செலவுக் கணக்கு எழுதும்போதுதான் பேனா தயங்குகிறது. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, இவற்றுடன் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். என் தாயின் வங்கிப் புத்தகத்தில் கடைசியாக வரவு வைக்கப்பட்ட தொகையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது வேலைக்குப் போன பிறகு ஆக வேண்டிய காரியம். அதுவரை நோட்டில் இருக்கட்டும்.

கிழமையையும் முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு கடைகள் இரா. திங்கட்கிழமை அந்நாட்டில் பல அருங்காட்சியகங்கள் மூடிக் கிடக்கும். எனவே செவ்வாய். காலை ஒன்பது மணிக்குப் பிறகு செல்லுபடியாகும் பவேரிய ஒருநாள் பயணச்சீட்டை வாங்கி, மியூனிக்கில் ரயிலேறி, டோனாவ்வொர்த்தில் வண்டி மாறினால் பகலில் போய்ச் சேரலாம். புதன் மதியத்துக்கு மேல் திரும்புவது. திரும்பும்போது சன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும். ஹார்பர்க் கோட்டை தெரியும் இடத்தில்தான் ரயில் அந்தப் பள்ளத்தை விட்டு வெளியேறுகிறது.