சின்னத்தோடு கதையையும் சேர்ப்போம்

அஞ்சல்தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். பழைய இராணுவ அஞ்சல் சேவையின் தொப்பிச் சின்னங்கள், தோள்பட்டைச் சின்னங்கள், கடித உறைகள் ஆகியவற்றைச் சேர்ப்போரும் உள்ளனர். “களிம்பேறிய பித்தளைக்குப் பணத்தைச் செலவழிப்பதா?” எனச் சிலர் கேட்கின்றனர். பொருளோடு அதன் கதையையும் சேர்த்தால் அது வீண்செலவு ஆகாது என்பதே என் கருத்து.

சின்னம் தானாகப் பேசாது. பிரிட்டிஷ் இராணுவ அஞ்சல் பணியாளர்கள் 1993 வரை பொறியாளர் படையின் சின்னத்தையே தொப்பியில் அணிந்தனர். எனவே, சின்னத்தை மட்டும் பார்த்தால், அதை அணிந்தவர் பாலம் கட்டினாரா, கடிதம் பிரித்தாரா என்று சொல்ல முடியாது. அவருடைய பெயர், பணி, ஆண்டு ஆகிய குறிப்புகள் இருந்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகும்.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. 1945 செப்டம்பர் 9ஆம் நாள், சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இந்திய இராணுவத்தின் 25ஆம் காலாட்படைப் பிரிவு தரையிறங்கியது. சீட்டுக்கட்டில் காணும் கறுப்பு ஸ்பேட்தான் அதன் தோள்பட்டைச் சின்னம். அக்காலப் போர்க்கள அஞ்சலக முத்திரைகளில் ஊர்ப்பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். படை எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது அல்லவா? அந்த எண்ணின் பொருளைத் தேடும் மாணவர் வரைபடத்தையும் வரலாற்றையும் சேர்த்தே கற்கிறார். அதனால், அஞ்சல்தலைக்காக உறையைக் கத்தரிப்பதும், பளபளப்புக்காகச் சின்னத்தைத் தேய்ப்பதும் சான்றை அழிப்பதாகும்.

இப்பொழுதுபோக்கு போரைப் போற்றுவதாகாதா என்ற கேள்வியும் எழுகிறது. அது நியாயமான கேள்விதான். அதே போரில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா மரண ரயில் பாதையை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. அவர்களுக்குச் சீருடையும் இல்லை, சின்னமும் இல்லை. சின்னம் அணிந்தவரை மட்டும் நினைத்து, இவர்களை மறந்தால் நம் சேகரிப்பு பாதி உண்மையே.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் வாழ்ந்த பல குடும்பங்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றன. வீடு மாறும்போது தாத்தாவின் தகரப்பெட்டி பழைய சாமான் கடைக்குப் போய்விடுகிறது. அதிலிருந்த கடிதமும் படமும் அதனோடு போய்விடுகின்றன. சந்தையில் சின்னம் வாங்குமுன், முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். ஒவ்வொரு பொருளும் யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்போம். பித்தளையை நாளைக்கும் வாங்கலாம். பாட்டியின் நினைவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.