முன்வரிசை யாருக்கு?

மறைந்த கலைஞரின் பாடல்களை மேடையிற் பாடி அஞ்சலி செய்வது இக்காலத்தில் பெருவழக்காகிவிட்டது. 2020 செப்டெம்பர் 25 இல் எஸ். பி. பாலசுப்பிரமணியம் மறைந்தபின் தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் அவர் பாடல்கள் அவ்வாறு ஒலித்தன. மேல்நாட்டு றொக் குழுக்களின் பாடல்களை இசைக்கும் இளைஞர் குழுக்களும் பல உள. இத்தகைய கச்சேரிகளை நடத்திக் கலைக்கென நிதி திரட்டுவோரை நாம் மனமார வரவேற்கிறோம்.

பாட்டு பணம் திரட்டும், ஐயமில்லை. 1971 ஆகஸ்ட் 1 இல் பண்டிதர் ரவி சங்கரும் ஜோர்ஜ் ஹரிசனும் பங்களாதேச அகதிகளுக்காக நியூயோர்க்கில் நடத்திய கச்சேரி, வாயிற் கட்டணமாக மட்டும் ஏறக்குறைய 243,000 டொலரை ஈட்டியது. ஆயினும் இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் வந்த பெரும் பணம் வரிச் சிக்கலில் அகப்பட்டு ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. திரட்டுவது ஒன்று, உரியவர் கையிற் சேர்ப்பது வேறொன்று.

பதுளையில் இத்தகைய கச்சேரி நடக்குமாயின், அதன் பயன் யாரைச் சேர வேண்டும்? ஊவாத் தோட்டங்களின் கலைஞரையே என்போம். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்த தப்பு, அதே மக்களின் திருவிழாவிலும் முழங்கியது. பகலெல்லாம் மலையேறி உழைத்தவர்களே இரவெல்லாம் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடினர். ஏட்டில் ஏறாதிருந்த அவர்தம் பாடல்களைத் தேடித் தொகுத்தார் சி. வி. வேலுப்பிள்ளை. அக்கலையைப் பேண நாம் செய்தது என்ன?

“தப்படிப்பவரின் பிள்ளைகளே அதைத் தொட மறுக்கின்றனரே” என்பர் சிலர். மறுப்பதில் வியப்பென்ன? சாவு வீட்டில் அடிக்கச் சொல்லி, கூலியைக் குறைத்துக் கொடுத்து, வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையதன்றோ? இழிவைச் சுமந்தேனும் கலையைக் காப்பாற்று என்று அவர்களுக்குக் கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. இழிவை நீக்குவது நம் கடன். விரும்பும் எவரும் அப்பறையைக் கற்கட்டும்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. கிற்றார் வாசிப்பவருக்குள்ள மேடையும் ஊதியமும் தப்புக் கலைஞருக்கும் வேண்டும். திரண்ட பணத்தின் கணக்கு ஒரு மாதத்துள் வெளியிடப்பட வேண்டும். அப்பணத்தின் ஒரு பங்கு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூத்தும் பறையும் கற்பிக்கும் முதிய ஆசான்களுக்கு மாதந்தோறும் ஊதியமாகச் செல்ல வேண்டும்.

வெலிமடைக் கமக்காரர் அறிவர்: விதைக்கிழங்கையும் விற்றுத் தின்றவனுக்கு அடுத்த போகம் இல்லை. உத்தியோகம் பார்க்கும் அன்பர்களும் அறிவர்: தம் பாட்டன் உறங்கி விழித்தது தப்பொலி கேட்டே. அனுமதிச் சீட்டை வாங்குங்கள், மண்டபத்தை நிரப்புங்கள். ஆனால் முன்வரிசை ஆசனங்களில் அந்த ஆசான்கள் அமர்ந்திருக்கின்றனரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இல்லையேல், ஏன் இல்லை என்று கேளுங்கள். மறைந்தவருக்கு அஞ்சலி செய்வது நன்று. வாழ்பவரை மறையவிடாதிருப்பது அதனினும் நன்று.