வட்டப்பாறையில் கை வைப்பாருண்டா?

விழுப்புரத்துக்கு அருகே, பம்பையாற்றங்கரையிலே உள்ளது திருவாமாத்தூர். தேவார மூவரும் பாடிய தலம். கோயிலைவிட அங்குள்ள வட்டப்பாறைக்கே அஞ்சுவோர் அவ்வட்டாரத்தில் அதிகம். கொடுக்கல் வாங்கலில் வழக்கு முற்றினால், அந்தப் பாறையின் முன் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்கமாட்டான் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

அதற்கொரு கதையும் உண்டு. தம்பியின் பங்கைக் கவர்ந்த அண்ணன், பொற்காசுகளைக் கைத்தடிக்குள் ஒளித்தானாம். சத்தியம் செய்யும் நேரத்தில் தடியைத் தம்பியிடமே கொடுத்து, "அவன் பொருள் என்னிடம் இல்லை, அவனிடமே இருக்கிறது" என்றானாம். வார்த்தை மெய், வஞ்சகம் முழுவதும் பொய். திரும்பும் வழியிலே பாம்பு தீண்டி மாண்டான் என்று முடிகிறது கதை.

பாறைக்கு அந்த ஆற்றல் உண்டா, இல்லையா என்ற வாதத்துக்கு நாம் வரவில்லை. பிறன் கையிலுள்ள பொருளுக்குள் எதையோ ஒளித்து வைத்து, "பாருங்கள், அவனிடமே இருக்கிறது!" என்று கூவும் சூது, பழங்கதையோடு ஒழிந்துவிட்டதா என்றுதான் கேட்கிறோம். ஒழியவில்லை என்ற ஐயத்தை எழுப்புகிறது, ஸ்டான் சுவாமி பாதிரியாரின் முடிவு.

திருச்சிச் சீமையிலே 1937இல் பிறந்த தமிழர் அவர்; இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டிலே ஆதிவாசிகளிடையே முப்பதாண்டுக் காலம் வாழ்ந்தார். நிலம் பறிபோனவர்களுக்காகப் பேசினார். விசாரணையே இன்றிச் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் சென்றார். அந்தக் கிழவரை, 83 வயதில், 2020 அக்டோபர் 8ஆம் நாள், பீமா கோரேகான் வழக்கிலே கைது செய்தது தேசியப் புலனாய்வு முகமை. அந்த ஊருக்குத் தாம் சென்றதே இல்லை என்றார் அவர். கேட்பாரில்லை.

நடுக்குவாத நோயால் குவளையைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. உறிஞ்சுகுழல் ஒன்று கேட்டார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது புலனாய்வு முகமை! ஒரு முதியவர் தண்ணீர் குடிக்கலாமா என்பதற்கு 20 நாள் யோசனை! நோய் முற்றியது, ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5ஆம் நாள், மும்பை மருத்துவமனை ஒன்றிலே, விசாரணைக் கைதியாகவே கண்ணை மூடினார்.

அடுத்த ஆண்டு டிசம்பரிலே, அவரது வழக்கறிஞர்கள் சார்பில் கணினியை ஆய்ந்த அமெரிக்காவின் அர்செனல் நிறுவனம், அவருக்கெதிராகக் காட்டப்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து ஊடுருவியவர்களால் உள்ளே திணிக்கப்பட்டவை என்று அறிக்கை தந்தது. ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். அவரை உயிரோடு நிறுத்தி, அந்தச் சான்றை நீதிமன்றத்திலே சோதித்திருக்கலாமே! வட்டப்பாறையிலேகூட வாதியும் பிரதிவாதியும் சமமாக நிற்கிறார்கள். இங்கே ஒருவர் சிறையிலே. இன்னொருவர் சிறைச் சாவியோடு! இதற்குப் பெயர் நீதியா?

"மதத்துக்காகவா பிடித்தார்கள்? ராஜத் துரோகக் குற்றமல்லவா?" என்பார்கள் ஆளவந்தார்கள். எந்த அரசு, "இவன் இறைவனை வணங்கினான், ஆகவே தண்டிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறது? இட்லரின் ஆட்சியை எதிர்த்த போன்ஹோபர் பாதிரியாரை 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிட்டபோது, துரோகி என்றுதான் சொன்னார்கள். 1690களில் கண்டிக்குச் சென்ற ஜோசப் வாஸ் அடிகளை, போர்த்துகீசிய ஒற்றர் என்று கூறித்தான் அடைத்தார்கள். செஞ்சீனத்திலே வாங் யீ என்ற போதகருக்கு 2019இல் 9 ஆண்டுச் சிறை விதித்தபோதும், அரசைக் கவிழ்க்கத் தூண்டினார் என்பதே குற்றச்சாட்டு. நாடு வேறு, கொடியின் நிறம் வேறு, குற்றப் பத்திரிகை ஒன்றே!

ஈழத்திலே குற்றப் பத்திரிகைகூட இல்லை. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியின் பங்குத்தந்தை ஜிம் பிறவுண், 2006 ஆகஸ்டில் குண்டுவீச்சில் சிக்கிய மக்களைக் காக்க ஓடியவர். அதே மாதம் 20ஆம் நாள் காணாமற்போனார், போனவர் வரவேயில்லை. ஒரிசாவின் மனோகர்பூரிலே, தொழுநோயாளருக்குத் தொண்டு செய்த கிரகாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியிலே இரு மகன்களோடு வண்டிக்குள்ளேயே எரிக்கப்பட்டதை நாடு மறக்கலாமா?

"அவர்கள் கிறிஸ்தவர்கள், நமக்கென்ன?" என்று கேட்கும் சைவ அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. திருவாமாத்தூரைப் பாடிய நாவுக்கரசர் பட்ட பாடு என்ன? அரசன் ஆணையால் நீற்றறையில் இட்டார்கள், நஞ்சு ஊட்டினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்கிறது பெரியபுராணம். அதே நூல், மதுரையிலே சமணர் கழுவேறியதையும் சொல்கிறது. அடிபட்டவர் ஒருநாள் அடிப்பவராகவும் ஆகலாம் என்பதே அதில் நாம் காணும் பாடம். ஆகவே காக்கப்பட வேண்டியது ஒரு மதமன்று, மனச்சாட்சியின் உரிமை.

கிறிஸ்தவத் தோழர்கள் ஜெபிக்கிறார்கள், ஜெபிக்கட்டும். பொதுவாக அல்ல, சிறைப்பட்டோரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கட்டும். பெயர் மறந்த இடத்திலேதான் கொடுமை துணிகிறது. ஜெபம் செய்யாதவர்களுக்கும் வேலை உண்டு. சிறையிலிருப்போருக்குக் கடிதம் எழுதலாம். அவர்கள் குடும்பத்துக்குத் துணை நிற்கலாம். வழக்குச் செலவுக்குத் தோள் கொடுக்கலாம். தத்தம் தொகுதி உறுப்பினரை மன்றத்திலே பேசச் சொல்லலாம்.

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலே, 2008இல் புகுத்தப்பட்ட 43டி(5) என்ற பிரிவு ஜாமீனை எட்டாக் கனியாக்குகிறது. அதை நீக்கு என்று கேட்போம். ஸ்டான் சுவாமியின் பெயரிலுள்ள களங்கத்தைத் துடைக்க வேண்டி, 2021இலேயே இயேசு சபையினர் மும்பை உயர்நீதிமன்றத்தை நாடினர். அந்தக் குரலோடு தமிழகத்தின் குரலும் சேரட்டும். கோயிலுக்குச் செல்வோரும், தேவாலயத்துக்குச் செல்வோரும், இரண்டுக்கும் செல்லாதோரும் ஒன்றாகக் கேட்டால், செவி சாய்க்காமல் எத்தனை நாள் இருந்துவிடும் டில்லி?