உள்ளே விட்டாயிற்று, கணக்கு நோட்டு எங்கே?

விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 145ஆவது பிரிவு, அதாவது இடத் தகராறு! தீண்டாமை என்ற குற்றம் இரு தரப்புச் சண்டையாகச் சுருங்கியது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவால் திறந்தபோதும் பூசை செய்ய மட்டுமே அனுமதி. 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். கோயில் நுழைவுச் சட்டம் வந்ததோ 1947இல்.

இந்த இரண்டு ஆண்டுகளும் நாம் வாசற்படியைப் பற்றியே பேசினோம். கோயில் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

'எங்க கோயில், எங்க காசுல கட்டினது' என்பதுதான் இந்த மாவட்டத்தில் எங்கே போனாலும் காதில் விழும் வாதம். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் ஆய்வுக்காக நான் சுற்றிய ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். சேரியில் வரி கேட்பதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்குவதில்லை. ஏதோ பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருடம் 'வரி கொடுக்காதவனுக்குக் கோயில்ல என்ன உரிமை?' என்று கேட்க வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

வரி மட்டுமா வரவு? ஏரி மீன் ஏலம், புளியமரக் குத்தகை, சில இடங்களில் கருவேல மர ஏலம். ஏரி யாருடையது? புறம்போக்கில் நிற்கும் மரம் யாருடையது? ஊருக்கும் சேரிக்கும் பொதுவான சொத்தில் வரும் பணம் ஊர்க் கோயில் கணக்கில் போய் விழுகிறது. அதில் மேடை போடுகிறார்கள், சீரியல் லைட் கட்டுகிறார்கள், பாரதம் படிப்பவருக்கும் கூத்து ஜமாவுக்கும் கூலி கொடுக்கிறார்கள். பங்குக்காரனை மட்டும் வாசலில் நிறுத்துகிறார்கள்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். ஊர் பெரியவர் ஒருவர் காட்டிய நோட்டில் மைக் செட்டுக்கு ஒரு வரி, பூவுக்கு ஒரு வரி, வாழைமரத்துக்குக்கூட ஒரு வரி இருந்தது. பறையடித்தவர்களுக்கு எதுவும் இல்லை. கேட்டேன். "அது அவங்க கடமை தம்பி" என்றார். செஞ்சிச் சீமையின் திரௌபதி வழிபாட்டைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் பெரிய பெரிய தொகுதிகளே எழுதினார். பாரதமும் கூத்தும் படுகளமும் தீமிதியும் நம் பண்பாட்டுச் செல்வம் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அந்தச் செல்வத்தைச் சுமந்த கைகளுக்கு நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

சட்டம் ஊமையாக இல்லை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 47ஆவது பிரிவு: அறங்காவலர் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர், அவர்களில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, இன்னொருவர் பெண். 87ஆவது பிரிவு தணிக்கை. கோயில் தனியாருடையது என்று சொல்பவர்கள் 63ஆவது பிரிவின்கீழ் இணை ஆணையரிடம் போய் நிரூபிக்கட்டும். ஏரிப் பணத்தைத் தின்ற கோயில் எப்படித் தனியார் கோயிலாகும் என்று அங்கே நாமும் கேட்போம்.

அரசும் இங்கே சும்மா இல்லை. 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது. நல்லது. ஆனால் அதே அரசின் அறநிலையத் துறை திருப்பணி நிதியை எப்படி அறிவித்தது? கிராமப்புறக் கோயில்கள் 1,250 ஒரு தலைப்பில், ஆதிதிராவிடர் பகுதிக் கோயில்கள் 1,250 இன்னொரு தலைப்பில். சேரிக் கோயிலுக்கு நிதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் ஆதிதிராவிடர் பகுதி கிராமத்தில் சேராதா? ஊர்க் கோயிலுக்குப் போகும் நிதிக்கு 'எல்லோரையும் உள்ளே விடுகிறீர்களா, குழுவில் தலித் இருக்கிறாரா' என்று ஒரு நிபந்தனை வைத்தால் என்ன?

'கோயிலே வேண்டாம் என்கிறோம், இதில் கணக்கு எதற்கு?' என்று நம் தோழர்கள் கேட்பது எனக்குத் தெரியும். கடவுளை விட்டுவிடுங்கள் தோழர், நானும் கும்பிடுவதில்லை. ஏரியையும் விட்டுவிடுவதா?

அடுத்த கிராமசபையில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். மீன் ஏலத்தில் வந்தது எவ்வளவு? எந்தக் கணக்கில் போட்டீர்கள்? அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? பதிலை நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள்.