நேற்றைய பாக்கி



பயத்லான் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி அது. ஜெர்மனி, நார்வே போன்ற பனி பெய்யும் நாடுகளில், குளிர்கால வார இறுதிகளில் இதை விரும்பிப் பார்ப்பார்கள்.

காலில் பனிச்சறுக்குக் கட்டை. முதுகில் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கி. மேடும் பள்ளமுமான பாதையில் மூச்சிரைக்க விரைந்து வர வேண்டும். வந்த வேகத்தில் நின்று, 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது வட்டத்தின் அகலம் 4.5 சென்டிமீட்டர்தான். ஓர் எலுமிச்சம்பழம் அளவு! நின்று சுடும்போது 11.5 சென்டிமீட்டர். மாடிப்படியில் நான்கு முறை ஓடி ஏறி இறங்கிவிட்டு, உடனே ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். அவர்களுடைய கஷ்டம் புரியும்.

குறி ஒன்று தவறினால், 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்று சுற்றிவிட்டுத்தான் பாதைக்குத் திரும்ப வேண்டும். மூன்று தவறினால் மூன்று சுற்று. அதைச் சரியாக எண்ணி முடிப்பது அந்த வீரரின் பொறுப்பு. ஒரு சுற்றை விட்டுவிட்டால் 2 நிமிடம் அபராதம்!

2017 பிப்ரவரியில் ஆஸ்திரியா நாட்டின் ஹோக்ஃபில்ட்சன் என்ற ஊரில் உலக சாம்பியன் போட்டி நடந்தது. 11ஆம் தேதி, சனிக்கிழமை. ஆண்களுக்கான 10 கிலோமீட்டர் 'ஸ்பிரிண்ட்' பந்தயம். ஜெர்மனியின் பெனடிக்ட் டோல் முதலிடம் பிடித்தார். நார்வேயின் ஜோஹானஸ் போ வெறும் 0.7 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டார். பிரான்சின் மார்ட்டின் ஃபோர்காட் மூன்றாவதாக வந்தார்.

மறுநாள் ஞாயிறு 'பர்சூட்', அதாவது துரத்திப் பிடிக்கும் பந்தயம். ஸ்பிரிண்டில் முதல் 60 இடங்களுக்குள் வந்தவர்களுக்கே இதில் அனுமதி. முதலிடம் பெற்றவர் முதலில் கிளம்புவார். மற்றவர்கள் முதல் நாள் அவரைவிட எத்தனை விநாடி பின்தங்கினார்களோ, அத்தனை விநாடி காத்திருந்து கிளம்ப வேண்டும். நேற்றைய பாக்கி இன்றைக்கும் தொடரும்!

ஆனால், சுடும் இடத்தில் பாக்கிக் கணக்கு கிடையாது. நான்கு முறை, ஐந்தைந்தாக 20 குறிகள். முதலில் கிளம்பியவருக்கும் கடைசியில் கிளம்பியவருக்கும் அதே அளவு வட்டம், அதே தூரம்.

அன்று என்ன நடந்தது தெரியுமா? மூன்றாவதாகக் கிளம்பிய ஃபோர்காட் தங்கம் வென்றார். முதல் நாள் பதக்கமே பெறாத நார்வே வீரர் பியோர்ண்டாலன் வெண்கலம் வென்றார். அப்போது அவருக்கு வயது 43! அதே நாளில் பெண்கள் பந்தயமும் நடந்தது. அவருடைய மனைவி, பெலாரஸ் நாட்டின் டாரியா டோம்ராச்சேவா அதில் கலந்துகொண்டார். அவருக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஸ்பிரிண்டில் மிகவும் பின்தங்கியிருந்த அவர், பர்சூட்டில் பலரைத் தாண்டி வந்து வெள்ளி வென்றார்.

பின்னால் கிளம்பிய எல்லோருக்கும் பதக்கம் கிடைத்துவிடவில்லை. 60 பேரில் மூவருக்குத்தான் பதக்கம். ஆனால், கிளம்பாமல் நின்றுவிட்டால் ஓர் இடம்கூட முன்னேற முடியாது அல்லவா?

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. நான் ஆசிரியராக இருந்தபோது, விடைத்தாள்களை மதிப்பெண் வரிசைப்படி பெயர் சொல்லிக் கொடுப்பேன். ஒரு மாணவனின் பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும். தாளை வாங்குவான். விரித்துக்கூடப் பார்க்காமல் நான்காக மடித்துப் பையில் வைத்துவிடுவான். எங்கே தவறு என்று பார்த்தால்தானே திருத்த முடியும்? 'கவனமில்லாத பையன்' என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், தவறு என்னுடையது. அவன் எவ்வளவு பின்னால் நிற்கிறான் என்பதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். 'அடுத்த பரீட்சையில் எல்லாக் கேள்விகளும் உனக்கும் புதியவைதான்' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மதிப்பெண் குறைந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். தாளை விரித்துப் பாருங்கள். தவறிய கணக்குகளை ஒவ்வொன்றாக மறுபடி போடுங்கள். அதுதான் உங்கள் தண்டனைச் சுற்று. எத்தனை சுற்று என்று நீங்களே எண்ணுங்கள். யாரும் பார்க்கவில்லை என்று ஒன்றைக் குறைத்துவிடாதீர்கள். முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்கு நிதானமாக வாருங்கள்.

உங்கள் பையின் அடியில் மடித்து வைத்த தாள் ஏதாவது இருக்கிறதா, குழந்தைகளே? இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுப்போமா?