வாடகைக்குப் போன தெரு

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று மெய்சிலிர்ப்பவர்களுக்குச் சிகாகோவின் தெருவோரக் கட்டணப் பெட்டியைக் காட்ட ஆசைப்படுகிறேன். சில மாதம் அந்த ஊரில் குடியிருந்தேன். காரை நிறுத்துகிறவர்கள் பெட்டிக்குக் காணிக்கை செலுத்துவதைத் தினமும் பார்ப்பேன். பணம் நகரசபைக்குத்தான் போகிறது என்று வந்தவன் நினைப்பான். இல்லை!

2008-இல் நகரசபை அந்தப் பெட்டிகளை 75 ஆண்டுக்கு ஒரு தனியார் கம்பெனியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டது. வாங்கியது சுமார் 115 கோடி டாலர். அறிவித்த சில நாட்களுக்குள் ஓட்டெடுப்பு. எதிர்த்தவர்கள் 5 பேர், ஆதரித்தவர்கள் 40 பேர். சுமார் 97 கோடி டாலர் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று மறு வருஷமே நகரத்தின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரி எழுதி வைத்தார். வந்த பணத்தில் பெரும்பகுதி, வரவு செலவில் விழுந்த துண்டை அடைப்பதில் சில வருஷங்களிலேயே கரைந்தது. கம்பெனியோ போட்ட முதலை எப்போதோ எடுத்துவிட்டது.

வியாபாரத்தில் லாப நஷ்டம் சகஜம்தானே என்பீர்கள். வியாபாரி தன் சரக்கை விற்கிறான். இவர்கள் விற்றது யாருடைய சரக்கு? நகரம் தன் தெருவை நீண்ட நாள் அடைத்து வைத்தால் கம்பெனிக்கு ஈடு கட்டவேண்டுமாம்! கடனுக்கு வீட்டை விற்ற தகப்பன்மார் உண்டு. பிறக்காத பேரன் நடக்கவேண்டிய வாசலையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் நிர்வாகமா?