அலைன் பட்டனும் வைசியாள் வீதி வீடுகளும்

மாடிச் சுவர் கீழ்ச்சுவருக்கு நேராக வரவில்லையா? கவலையே வேண்டாம், ரெவிட்டில் 'அலைன்' இருக்கிறது! கீழ்த்தளத்தைப் பின்னால் மங்கலாகத் தெரிய வைத்து, அதன் கோட்டில் ஒரு கிளிக், மாடிச் சுவரில் ஒரு கிளிக். முதலில் தொட்டது அப்படியே நிற்கும், அடுத்துத் தொட்டது ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் குட்டிப் பூட்டையும் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்தேதான் நகரும்.

புதுக் கட்டிடம் வரைபவர்களுக்கு இது வரம்தான். ஆனால் அதே பட்டனோடு புதுச்சேரியின் பழைய வீடுகளை அளந்து வரையப் போகிறார்களே மாணவர்கள், அங்கேதான் வில்லங்கம்.

வைசியாள் வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள் (கலவை சுப்பராயச் செட்டி வீதி என்பது முழுப்பெயர்). அதைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. இந்தப் பகுதியின் மாடி வீடுகள் பலவற்றில் கீழே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், முற்றம் என்று அசல் தமிழ் வீடு. மேலே வளைவு ஜன்னலும் சுதை வேலையுமாக பிரெஞ்சு பாணி. கீழே ஒரு கணக்கு, மேலே ஒரு கணக்கு. இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கத்தானே அளக்கவே போவது? அந்த இடத்தை அலைன் போட்டு அழித்துவிட்டால் மிச்சம் என்ன?

இதில் இன்னொரு கூத்து. சுமை தாங்கும் செங்கல் கட்டிடங்களில் மாடிச் சுவர் பெரும்பாலும் கீழ்ச்சுவரைவிட மெல்லியது. கீழே 45 செ.மீ., மேலே 30 என்று வைத்துக்கொள்வோம். கீழ்ச்சுவரைக் காப்பி செய்து மேலே ஒட்டி, தடிமனை மட்டும் மாற்றினால், சுவர் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் 7.5 செ.மீ. சுருங்கும். தெருப்பக்கம் இல்லாத ஒரு படி முளைக்கும்! நிஜ வீட்டில் வெளிமுகம் ஒரே நேராக இருந்து, 15 செ.மீ. முழுவதும் உள்பக்கம் விழுந்திருக்கலாம். மரக்கட்டைகள் வந்து உட்காரும் இடமே அதுவாக இருக்கலாம். எந்த முகம் எந்த முகத்தோடு சேர வேண்டும் என்று மென்பொருள் சொல்லாது, சுவரைப் போய்ப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

"ஒவ்வொரு கோணலையும் வரைந்தால் மாடலை யார் கையாள்வது? அளவெல்லாம் 3012.7 என்று வரும்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஒரு செ.மீ. வரை நேராக்குவோம் என்று முதலிலேயே முடிவு செய்து வரைபடத்தில் எழுதிவிட்டால் யாருக்கும் சண்டை இல்லை. எழுதாமல் நேராக்குவதுதான் தப்பு. சுவர் வெளியே தள்ளியிருப்பது அலங்கோலம் இல்லை சார், நோயின் அறிகுறி. டாக்டர் காய்ச்சலை 98.6 என்று திருத்தி எழுதுவாரா? :-)

இந்த ஊருக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நின்ற மேரி கட்டிடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பி 2021-ல்தான் திறந்தார்கள். நாளைக்கு ஒரு வீடு அப்படி விழுந்தால் மிஞ்சப்போவது மாணவர்கள் வரைந்த படமாகவும் இருக்கலாம்.

கோல்கொண்டே மாதிரிக் கட்டிடம் என்றால் கதை வேறு. ஆன்டனின் ரேமண்டின் அந்த கான்கிரீட் விடுதியில் ஒரே அளவு மாடிக்கு மாடி திரும்ப வரும். அங்கே அலைன் போடுங்கள், பூட்டும் போடுங்கள்.

தமிழ் வீட்டுக்கு வழி முற்றத்திலேயே இருக்கிறது. மாடி வரை திறந்த முற்றமானால், மேலிருந்து கீழ்த்தரை வரை இரண்டு மூலைகளில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் போதும். இரண்டு தளங்களையும் அந்த நூல்களிலிருந்தே அளக்கலாம். ரெவிட்டில் கிரிட் கோடுகள் போட வேண்டியது அந்த நூல்கள் இருந்த இடத்தில். சுவர்கள் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அவ்வளவு விலகியே நிற்கட்டும்.